ஜான் ஹார்பா மிஷிகனுக்கு ஆடவே இல்லை, பிறகு எப்படி நம்ம ஆள் ஆனார்?

மஞ்சள்நீலம்:
தம்பி ஜிம்மை நாம ஏன் கொண்டாடுறோம்னு யாருக்கும் விளக்கத் தேவையில்லை. 1983லிருந்து 1986 வரைக்கும் மிஷிகன் பல்கலைக்கழகத்தோட அமெரிக்கக் கால்பந்து டீம்ல குவார்ட்டர்பேக், அதாவது பந்தை வாங்கி வீசி ஆட்டத்தை நடத்துறவர். 1986ல ஒஹாயோ ஸ்டேட்டை ஜெயிச்சே தீருவோம்னு பத்திரிகைக்காரங்க முன்னாடி வாக்கு கொடுத்துட்டுப் போய் 26-24ன்னு ஜெயிச்சவர். 2015ல கோச்சா திரும்பி வந்து, 2023 சீசன்ல 15 மேட்ச்ல 15ம் ஜெயிச்சு தேசியப் பட்டத்தைக் கொண்டுவந்தார்.

ஆனா அண்ணன் ஜான்? மிஷிகனுக்கு ஒரு ஸ்னாப் (பிளே தொடங்கப் பந்தைப் பின்னாடி தர்றது) ஆடினதில்லை, ஒரு நாள் கோச்சா இருந்ததும் இல்லை. காலேஜ் ஆடினது ஒஹாயோ மாநிலத்துல இருக்குற மயாமி பல்கலைக்கழகத்துல, டிஃபென்சிவ் பேக்கா (பாஸைத் தடுக்கிற பின்வரிசை ஆள்). அப்படியும் அவர் என்.எஃப்.எல். (தொழில்முறை லீக்) டீமான பால்டிமோர் ரேவன்ஸ்ல தலைமைக் கோச்சா இருந்த வருஷமெல்லாம் நம்ம மிஷிகன் ஆளுங்க அவரையும் சேர்த்துத்தான் கொண்டாடினாங்க. எனக்கும் ரெண்டு பேர் மேலயும் ஒரே அளவு மரியாதை. அந்த மரியாதைக்கு மைதானத்துல என்ன ஆதாரம் இருக்குங்கிறதைத்தான் இந்த இழையில பேசணும். யார் யாருக்கு என்ன கொடுத்தாங்க, எந்த பிளேல அது தெரிஞ்சது, எங்க சறுக்கினாங்க. விவரம் தெரிஞ்சவங்க எழுதுங்க.

தெற்குமாடம்:
வேரிலிருந்து தொடங்கினால் ஜானும் மிஷிகன்காரர்தான். தந்தை ஜாக் ஹார்பா 1973 முதல் 1979 வரை தலைமைக் கோச் போ ஷெம்பெக்லரின் கீழ் மிஷிகனில் டிஃபென்சிவ் பேக்குகளுக்குப் பயிற்சி அளித்தார். பிள்ளைகள் இருவரும் அந்த ஆண்டுகளில் பல்கலைக்கழக ஊரான ஆன் ஆர்பரில் வளர்ந்தவர்கள். ஜான் படிப்பை முடித்த பயனியர் உயர்நிலைப் பள்ளி, மிஷிகன் மைதானத்துக்குச் சாலையின் எதிர்ப்புறம் இருக்கிறது. 1980இல் ஜாக் ஸ்டான்ஃபோர்டுக்கு மாறியதால் ஜிம் பள்ளியைக் கலிஃபோர்னியாவில் முடித்துவிட்டு, ஷெம்பெக்லரிடமே ஆட வந்து சேர்ந்தார்.

ஜான் ஆடிய மயாமியும் அந்நிய இடமல்ல. ஷெம்பெக்லர் அங்கே மாணவராக ஆடியவர். 1963 முதல் 1968 வரை அங்கே தலைமைக் கோச்சாக இருந்துவிட்டுத்தான் மிஷிகனுக்கு வந்தார். ஆக, அண்ணன் ஷெம்பெக்லர் விட்டுச் சென்ற கல்லூரியில் ஆடினார், தம்பி ஷெம்பெக்லர் வந்து சேர்ந்த கல்லூரியில் ஆடினார். இருவரும் கற்றது ஒரே பாடம்: முதலில் லைனில் (இரு முன்வரிசையும் மோதும் இடம்) ஜெயி, பிறகு மற்றதைப் பார்.

ஜாக்கையும் மறக்கக் கூடாது. 2002இல் வெஸ்டர்ன் கென்டக்கியை இரண்டாம் அடுக்கின் தேசியப் பட்டம் வரை கொண்டு போனவர் அவர். ஜிம் என்.எஃப்.எல்.இல் ஆடிக்கொண்டிருந்த காலத்திலேயே சம்பளம் வாங்காத உதவிக் கோச்சாகத் தந்தைக்கு மாணவர் சேர்க்கையில் கைகொடுத்தார். ஜான் முதன்முதலில் விசில் பிடித்ததும் 1984இல், தந்தை தலைமைக் கோச்சாக இருந்த வெஸ்டர்ன் மிஷிகனில்தான்.

காலிஇடைவெளி:
குடும்பக் கதை நல்லாத்தான் இருக்கு ஐயா. ஆனா நம்ம ஆளுங்க ஜானைக் கும்பிட ஆரம்பிச்சது 2021 ஜனவரியிலன்னு நான் சொல்லுவேன். அந்த மாசம் பால்டிமோர்லிருந்து ஆன் ஆர்பருக்கு ஒரு முழு டிஃபென்ஸ் இடம் மாறுச்சு.

முன்னாடி நிலைமை என்னன்னா, 2016லிருந்து டான் பிரவுன் டிஃபென்ஸ். ஆளுக்கு ஆள் மேன் கவரேஜ், ஒத்த சேஃப்டி (கடைசிக் காவல் ஆள்) ஆழத்துல, மத்தவங்க நெருக்கிப் பிடிக்கணும். பெரும்பாலான டீம் மேல அது அருமையா வேலை செஞ்சது. ஒஹாயோ ஸ்டேட் மட்டும் அதைப் பிரிச்சு மேஞ்சிட்டாங்க. 2018ல 62-39, 2019ல 56-27. காரணம் ரொம்ப எளிசு. ரெண்டு ரிசீவர் (பாஸ் பிடிக்கிறவங்க) எதிரெதிர் பக்கத்திலிருந்து 5, 6 யார்டு ஆழத்துல குறுக்கா ஓடி நடுவுல உரசிக்கிட்டுக் கடப்பாங்க. மேன்ல இருக்குறவன் தன் ஆளைத் துரத்தும்போது அந்த நெரிசலைச் சுத்திப் போகணும். அங்கயே ரெண்டு எட்டு போயிடும். வேகமான ரிசீவருக்கு அது போதும், பந்து கைக்கு வந்ததும் பின்னாடி திறந்த வெளி. ஜோன்ல (ஆளுக்குப் பதிலா இடத்தைக் காக்கிறது) ஆளை ஒருத்தர் இன்னொருத்தர்கிட்ட ஒப்படைச்சிருந்தா அந்தத் தொல்லையே கிடையாது.

2020ல 2 வெற்றி, 4 தோல்வி. ஜிம்மோட சம்பளம் ஏறக்குறைய பாதியாச்சு. அப்போ ரேவன்ஸ்ல லைன்பேக்கர் (முன்வரிசைக்குப் பின்னாடி நிக்கிறவங்க) கோச்சா இருந்த 33 வயசு மைக் மெக்டொனால்டை ஜான் தம்பிக்கு விட்டுக்கொடுத்தார். முழு டிஃபென்ஸை நடத்தின அனுபவம் அந்த ஆளுக்கு அதுக்கு முன்னாடி கிடையாது. ஒரு வருஷம் மிஷிகன்ல நடத்திட்டு 2022ல ரேவன்ஸ் டிஃபென்ஸுக்கே தலைவராத் திரும்பிப் போனார். அவர் இடத்துக்கு ஜெஸ்ஸி மின்டர் வந்தார். அவரும் 2017லிருந்து 2020 வரைக்கும் ரேவன்ஸ்ல வேலை பார்த்தவர், அதே மொழி பேசுறவர். வீரர்கள் புதுசா எதையும் படிக்க வேண்டி வரலை.

விளைவு 2023ல தெரிஞ்சது. மிஷிகன் ஒரு மேட்சுக்கு 10.4 புள்ளி விட்டுக்கொடுத்து காலேஜ்ல முதலிடம். ரேவன்ஸ் 16.5 விட்டுக்கொடுத்து என்.எஃப்.எல்.ல முதலிடம், கூடவே 60 சாக் (குவார்ட்டர்பேக்கைப் பந்தோட வீழ்த்தினது), 31 டர்னோவர் (பந்தைப் பறிச்சது), அந்த ரெண்டுலயும் முதலிடம்தான். ஒரே சீசன், ஒரே டிஃபென்ஸ், அண்ணன் கையில ஒண்ணு, தம்பி கையில ஒண்ணு. 2024ல மின்டரை ஜிம் சார்ஜர்ஸுக்குக் கூட்டிட்டுப் போனார், அங்கயும் புள்ளி விட்டுக்கொடுக்கிறதுல என்.எஃப்.எல்.லயே குறைவு.

செவ்வந்தி_லைன்பேக்கர்:
காலி அண்ணா, "ஒரே டிஃபென்ஸ்"னு நீங்க சொன்னதைக் கொஞ்சம் பிரிச்சுக் காட்டுறேன். அதோட இதயம் சிமுலேட்டட் பிரஷர். பிளிட்ஸ்னு எல்லாரும் சொல்லிடுறாங்க, அது பிளிட்ஸ் இல்லை. அஞ்சாவது ஆளை அனுப்பினாத்தான் பிளிட்ஸ். இதுல பாயுறது நாலு பேர்தான், எந்த நாலு பேருங்கிறதுதான் எதிரிக்குத் தெரியாது.

ஸ்னாப்புக்கு முன்னாடி லைன்ல ஆறு பேர் நிப்பாங்க. நாலு லைன்மேன், சென்டரோட (பந்தை ஸ்னாப் பண்ற நடு லைன்மேன்) ரெண்டு தோளுக்கும் நேரா ரெண்டு லைன்பேக்கர். எதிரிகிட்ட தடுக்க இருக்குறது அஞ்சு லைன்மேனும் ஒரு ரன்னிங்பேக்கும் (பந்தோட ஓடுறவர்), மொத்தம் ஆறு. அதனால ஆளுக்கு ஒருத்தரைக் கணக்குல வச்சே ஆகணும். சென்டர் ஒரு பக்கத்தைக் காட்டுவார், அந்தப் பக்கமா லைன் சரியும். ஸ்னாப் ஆனதும் சரிஞ்ச பக்கத்து எட்ஜ் ஆளும் (லைனோட ஓரத்துல நிக்கிறவர்) ரெண்டு லைன்பேக்கரும் பின்வாங்கிடுவாங்க. எதிர்ப்பக்கத்திலிருந்து நிக்கல் (அஞ்சாவது டிஃபென்சிவ் பேக்) ஓடி வருவார். இப்போ சரிஞ்ச பக்கத்துல மூணு தடுப்பாளருக்கு முன்னாடி ஒரே ஒருத்தன். மறுபக்கத்துல ரெண்டு லைன்மேன் மேல மூணு பேர். மிச்சம் வர்ற நிக்கலை ரன்னிங்பேக் ஒத்தையா பிடிக்கணும். பின்னாடி ஏழு பேர் ஜோன்ல பத்திரமா இருக்காங்க.

இது எங்க உடையும்னா:

பின்வாங்குற எட்ஜ் ஆள் முதல் அடியிலேயே குவார்ட்டர்பேக்கைப் பார்த்தா போச்சு. கண்ணு உள்ளே போனா கால் நின்னுடும். 5, 6 யார்டு ஆழம் கிடைக்காது, அவன் முதுகுக்குப் பின்னாடி ஸ்லான்ட் (உள்பக்கம் சாய்ஞ்சு ஓடுறவருக்கு வேகமா போடுற பாஸ்) விழும். முதல்ல திரும்பி ஓடணும், அப்புறம்தான் பார்க்கணும்.

நிக்கல் எப்போ நகர்றார்ங்கிறது அடுத்தது. சீக்கிரம் நகர்ந்தா குவார்ட்டர்பேக் பார்த்து லைனை மாத்திச் சரிய வச்சிடுவார். தாமதமானா பந்து கையை விட்டுப் போயிருக்கும், ரெண்டரை விநாடிதான் கணக்கு. நல்ல நிக்கல் எதிரி குவார்ட்டர்பேக்கோட குரல் ஏத்த இறக்கத்தைப் படிச்சுட்டு நகர்வார்.

மூணாவது, ஓட்டம். எட்ஜ் விட்டுப் போன இடைவெளியை உள்ளே இருக்குற லைன்பேக்கர் நிரப்பணும். மறந்தா நடுவுல பெரிய வாசல். 2022 டிசம்பர் 31ல டி.சி.யு. (டெக்சாஸ் கிறிஸ்டியன் பல்கலைக்கழகம்) நம்மை 51-45னு தோக்கடிச்ச மேட்ச்ல, முதல் ரன்னிங்பேக் காயத்துல வெளியே போன பிறகு வந்த எமாரி டெமர்காடோ 150 யார்டு ஓடினார். பாஸுக்காக விரிச்சு வச்ச டிஃபென்ஸ் ஓட்டத்துக்கு எவ்வளவு மெலிசா நிக்கும்னு அன்னிக்குத் தெரிஞ்சது.

நாலாம்டவுன்:
அக்கா சொன்னதோட இதையும் சேர்த்துக்கோங்க. என்.எஃப்.எல். டிஃபென்ஸை அப்படியே தூக்கிட்டு வந்து காலேஜ்ல வைக்க முடியாது. மைதானமே வேற. காலேஜ்ல ரெண்டு ஹாஷ் கோட்டுக்கும் (பிளே தொடங்கப் பந்து வைக்கிற எல்லை) நடுவுல 40 அடி, என்.எஃப்.எல்.ல 18 அடி 6 அங்குலம். பந்து ஒரு ஹாஷ்ல இருந்தா காலேஜ்ல அகலப் பக்கம் ரொம்பப் பெரிசு. அங்க நிக்கிற நிக்கலால பாயவும் முடியாது, அந்த இடத்தை விடவும் முடியாது. அதனால பிரஷரைப் பெரும்பாலும் குறுகின பக்கத்திலிருந்து அனுப்பணும். அது எதிரிக்கும் தெரியும், அதனால மறைக்கிற வேலை இன்னும் கஷ்டம்.

லைன்மேன் விதியும் வேற. பாஸ் பிளேல காலேஜ் லைன்மேன் 3 யார்டு வரைக்கும் முன்னாடி போகலாம், என்.எஃப்.எல்.ல 1 யார்டுதான். ஓட்டமா பாஸான்னு லைன்மேனைப் பார்த்து சேஃப்டி கண்டுபிடிக்கிறது காலேஜ்ல அவ்வளவு சுலபமில்லை. நேரமும் கம்மி, சீசன்ல வாரத்துக்கு 20 மணி நேரம்தான் மாணவர்களைப் பயிற்சிக்கு வைக்கலாம்.

இதுக்கெல்லாம் சேர்த்து மெக்டொனால்ட் கண்ட வழி, டிஃபென்ஸைத் துண்டு துண்டாக் கத்துக்கொடுக்கிறது. முன்வரிசை எப்படி நிக்குது, யார் பாயுறாங்க, பின்னாடி என்ன கவரேஜ், இது ஒவ்வொண்ணும் தனித்தனித் துண்டு. தெரிஞ்ச துண்டுகளை வாராவாரம் புதுசா ஒட்டினாலே போதும். எதிரிக்குப் புது டிஃபென்ஸ், நம்ம பையனுக்குப் பழைய வேலை.

மஞ்சள்நீலம்:
இதைத்தான் எதிர்பார்த்தேன். மிஷிகன் எட்ஜ் ஆள் ஒஜாபோவையும் குறிச்சுக்கங்க. 2021ல ஹட்சின்சனுக்கு எதிர்ப்பக்கம் நின்னு 11 சாக் எடுத்தவர். அடுத்த வருஷம் என்.எஃப்.எல். டிராஃப்ட்ல (புது வீரர் தேர்வு) ரெண்டாம் சுத்துல அவரை எடுத்தது ரேவன்ஸ். போக்கும் வரத்தும் ரெண்டு பக்கமும் இருந்தது.

பண்ட்_காவலன்:
பழைய போக்குவரத்தும் உண்டு தம்பி. கிரெக் மாட்டிசன் 2009, 2010ல ஜானோட ரேவன்ஸ் டிஃபென்ஸுக்குத் தலைவர். 2011ல மிஷிகன் வந்தார், ஜிம் வந்த பிறகும் 2018 வரைக்கும் இருந்தார். ஜிம்மோட மகன் ஜே ஹார்பா முதல்ல பெரியப்பாகிட்ட ரேவன்ஸ்ல மூணு வருஷம் இருந்துட்டு, 2015ல அப்பாவோட மிஷிகன் வந்தவர். கிரெக் ரோமன் ஜிம்மோட ஸ்டான்ஃபோர்டு, 49அர்ஸ், அப்புறம் ஜானோட ரேவன்ஸ், அப்புறம் மறுபடி ஜிம்மோட சார்ஜர்ஸ். 49அர்ஸ் குவார்ட்டர்பேக் கேப்பர்னிக்குக்குப் போட்ட பிஸ்டல் (ரன்னிங்பேக் குவார்ட்டர்பேக்குக்கு நேர் பின்னாடி நிக்கிற அமைப்பு) ஓட்டத்தை ரேவன்ஸ் குவார்ட்டர்பேக் லமார் ஜாக்சனுக்கு விரிச்சுப் போட்டார். 2019ல ரேவன்ஸ் ஓடினது 3,296 யார்டு, ஒரு சீசனுக்கு என்.எஃப்.எல். சாதனை அது.

ஆனா என் மனசுல ஜானுக்கு இருக்குற இடம் வேற காரணத்தால. ஸ்பெஷல் டீம்ஸ்லிருந்து (பந்தை உதைக்கிற பிளேக்களுக்கான குழு) தலைமைக் கோச் ஆனவங்க அபூர்வம். ஈகிள்ஸ்ல 1998லிருந்து 2006 வரைக்கும் அதுதான் அவர் வேலை. அந்த வேலையில இருக்குறவன் விதிப்புத்தகத்தை வரிவரியாப் படிச்சிருப்பான்.

2013 பிப்ரவரி 3, நியூ ஆர்லியன்ஸ் சூப்பர் பௌல் (என்.எஃப்.எல். இறுதி), அண்ணனோட ரேவன்ஸும் தம்பியோட 49அர்ஸும் எதிரெதிரே. ரேவன்ஸ் 34-29 முன்னணி, 12 விநாடி மிச்சம், நாலாவது டவுன் (10 யார்டு முன்னேறக் கிடைக்கிற நாலு முயற்சியில கடைசி), பந்து சொந்த கோல் கோட்டுக்குப் பக்கத்துல. சாதாரணமா பண்ட் (பந்தைத் தூர உதைச்சு எதிரிக்கு விடுறது) அடிச்சா ரெண்டு ஆபத்து: தடுத்துட்டா டச்டவுன், தடுக்காட்டியும் நல்ல இடத்துல ரிட்டர்ன். ஜான் சொன்னது, அடிக்காதே, எண்ட் ஜோன்ல (கோல் கோட்டுக்குப் பின்னாடி உள்ள பகுதி) அங்கயும் இங்கயும் ஓடு, நெருங்கினதும் வெளியே கால் வை. பண்டர் சாம் குக் அப்படியே 8 விநாடியைக் கரைச்சுட்டு வெளியே போனார். அது சேஃப்டி (சொந்த எண்ட் ஜோன்ல பந்தோட மாட்டினா எதிரிக்குக் கிடைக்கிற புள்ளி), 2 புள்ளி போச்சு, 34-31. மிச்சம் 4 விநாடி. அதுக்கப்புறம் 20 யார்டு கோட்டிலிருந்து யாரும் பாயாத ஃப்ரீ கிக். ரிட்டர்ன் பண்ணவனைப் பிடிச்சதோட மேட்ச் முடிஞ்சது.

இதுல நுட்பம் லைன்மேன்கிட்ட இருக்கு. அவங்க எல்லாரும் எதிரியோட சட்டையைப் பிடிச்சுத் தொங்கினாங்க. எண்ட் ஜோன்ல ஹோல்டிங் பண்ணா தண்டனை என்ன? சேஃப்டி. நாமளே சேஃப்டி கொடுக்கத்தானே போறோம்! அதனால தண்டனை செலவே இல்லாத தண்டனை, ஓடின நேரமும் திரும்பி வராது. 2016 நவம்பர்ல பெங்கால்ஸ் மேல இதையே இன்னும் சுத்தமாச் செஞ்சாங்க, 11 விநாடி இருந்தது, குக் 11 விநாடியையும் எடுத்துக்கிட்டார், 19-14ன்னு முடிஞ்சது. 2017ல விதியை மாத்தினாங்க. நேரத்தைக் கரைக்க ஒரே டவுன்ல பலபேர் வேணும்னே ஃபவுல் பண்ணா 15 யார்டு, கடிகாரமும் பின்னாடி போகும்.

ஒதுங்கிப்பார்:
எல்லாரும் ஒரே திசையில போறதால ஒரு எதிர்க்கேள்வி வைக்கிறேன். டிஃபென்ஸ் மெக்டொனால்டுது, ஓட்டம் ரோமனுது, மிஷிகன்ல லைனை வளர்த்தது ஷெரோன் மூர். ஹார்பாக்கள் செய்தது ஆள் தேர்வு மட்டும்தானே? அடுத்தது இன்னும் கனமானது. 2023ல ஜிம் 15 மேட்ச்ல 6 மேட்ச் வெளியில. முதல் 3 கோவிட் கால மாணவர் சேர்க்கை விதிமீறலுக்காகப் பல்கலைக்கழகமே போட்டது. வழக்கமான சீசனோட கடைசி 3 மிஷிகன் ஆடுற லீக்கான பிக் டென் போட்டது, எதிரணி சைகைகளை நேரில் ஆளனுப்பிப் பதிவு செய்ததுக்காக. அதை ஒதுக்கிட்டுப் புகழ முடியாது.

தெற்குமாடம்:
ஒதுக்கத் தேவையில்லை. விதி என்ன என்று சரியாகச் சொல்லிவிடுவோம். மேட்சின்போது எதிரணியின் சைகையைக் கவனித்துப் புரிந்துகொள்வது தவறல்ல. ஒளிபரப்பைப் பார்த்துப் படிப்பதும் தவறல்ல. இனி மோதப்போகும் அணியின் மேட்சுக்கு நேரில் ஆளனுப்பி வேவு பார்ப்பது 1994 முதல் தடை. மிஷிகன் பணியாளர் ஒருவர் அந்தத் தடையைத்தான் மீறினார். கல்லூரி விளையாட்டு அமைப்பான என்.சி.ஏ.ஏ. ஜிம் மீது 2024 ஆகஸ்டில் 4 ஆண்டுக் கட்டுப்பாடும், 2025 ஆகஸ்டில் அது முடிந்த பிறகு தொடங்கும்படி மேலும் 10 ஆண்டும் விதித்தது. நடைமுறையில் 2038 வரை அவர் கல்லூரிக் கோச்சாக இருக்க முடியாது. அவரது பணியாளர்களின் நடத்தைக்கு அவர் பொறுப்பு. நான் ஜிம்மை மதிப்பவன், அதை மறுக்க மாட்டேன்.

அதே நேரத்தில், அடுத்த அணியின் சைகை தெரிந்திருந்ததால்தான் லைன் ஜெயித்தது என்பதை ஏற்க முடியாது. அந்தப் பணியாளர் விலகிய பிறகு நடந்த பென் ஸ்டேட், ஒஹாயோ ஸ்டேட், அலபாமா, வாஷிங்டன் மேட்சுகளைப் பாருங்கள். என்ன வரப்போகிறது என்று எதிரணிக்குத் தெரிந்தும் அவர்களால் நிறுத்த முடியவில்லை.

காலிஇடைவெளி:
ஆமா, பென் ஸ்டேட் மேட்சைப் பேசியே ஆகணும். 2023 நவம்பர் 11. தடை முந்தின நாள்தான் அறிவிச்சாங்க. வாரம் முழுக்க பயிற்சிக்கு ஜிம் இருந்தார், மேட்ச் அன்னிக்கு ஷெரோன் மூர். மொத்தம் 46 ஓட்டம், 8 பாஸ். கடைசி 32 பிளே வரிசையா ஓட்டம்! ரெண்டாவது பாதியில குவார்ட்டர்பேக் மெக்கார்த்தி கணக்குல ஒரு பாஸ்கூட இல்லை. 24-15.

காரணம் பிடிவாதம் இல்லை. பென் ஸ்டேட்டோட எட்ஜ் ஆளுங்க நாட்டிலேயே வேகமானவங்க. பாஸ் போட்டா அவங்களோட பலத்துக்குள்ள நாமளே போறோம். ஓடினா அவங்க ஒவ்வொரு பிளேயும் தங்களைவிடப் பெரிய டைட் எண்டையும் (லைன் ஓரத்துல நின்னு தடுக்கவும் பாஸ் பிடிக்கவும் செய்றவர்) கூடுதல் லைன்மேனையும் முட்டணும். நாலாவது கால்ல அந்த வேகம் இருக்காது.

பவர் பிளே எப்படின்னு தெரியாதவங்களுக்கு: ஓடுற பக்கத்துல டேக்கிளும் (லைனோட ஓர ஆள்) கார்டும் (அவருக்கும் சென்டருக்கும் நடுவுல நிக்கிறவர்) சேர்ந்து உள் லைன்மேனை ரெண்டுபேராத் தள்ளணும். எட்ஜ் ஆளை ஃபுல்பேக் இல்லைன்னா டைட் எண்ட் வெளியே உதைக்கணும். எதிர்ப்பக்கத்து கார்டு பின்னாடி வந்து அந்த வாசல் வழியாப் போய் லைன்பேக்கரை இடிக்கணும். அவர் விட்டுப் போன ஓட்டையை சென்டர் பின்பக்கமாத் தடுத்து மூடணும். பெரும்பாலும் சாகுறது அந்த சென்டர் தடுப்புலதான். எதிரி டேக்கிள் ஸ்னாப்போடயே கார்டோட இடுப்பைத் துரத்தினா, பின்னாடி பந்து கைமாறுற இடத்துக்கே வந்துடுவான். ரெண்டாவது தப்பு, இழுத்து வர்ற கார்டு ரொம்ப ஆழமா வளையறது. ஒரு யார்டு ஆழம் கூடினா அவருக்குப் பின்னாடி வர்ற ரன்னிங்பேக் நிக்க வேண்டி வரும், நின்னா வாசல் மூடிடும். 2021, 2022 ரெண்டு வருஷமும் நாட்டின் சிறந்த லைனுக்கான ஜோ மூர் விருது வாங்கினவங்க இந்த ரெண்டு தப்பையும் அபூர்வமாத்தான் பண்ணாங்க.

ரெண்டு வாரம் கழிச்சு ஒஹாயோ ஸ்டேட் மேட்ச்ல ரைட் கார்டு ஸாக் ஸின்டருக்குக் கால் முறிஞ்சது. டேக்கிள் பார்ன்ஹார்ட் கார்டா உள்ள வந்தார், ட்ரென்டே ஜோன்ஸ் டேக்கிள் ஆனார். அடுத்த பிளே, ரன்னிங்பேக் பிளேக் கோரம் 22 யார்டு, டச்டவுன். ஒதுங்கிப்பார் கேட்ட "ஆள் தேர்வு மட்டும்தானே"க்கு என் பதில் இதுதான். ஒரு லைன்மேனுக்கு ரெண்டு இடம் கத்துக்கொடுத்து வைக்கிறது தலைமைக் கோச்சோட முடிவு. அதுக்குப் பயிற்சி நேரத்துலிருந்து விலை கொடுக்கணும். அந்த விலையை எப்பவோ கொடுத்து வச்சிருந்தாங்க.

ஒதுங்கிப்பார்:
அதை ஒத்துக்கிறேன். ஆனா அண்ணன் அதே சீசன்ல நேர்மாறாச் செய்தாரே. 2024 ஜனவரி கடைசியில சீஃப்ஸ் மேல ஏ.எஃப்.சி. இறுதி (சூப்பர் பௌலுக்கு முந்தின மேட்ச்). ரேவன்ஸ் அந்த சீசன்ல ஓட்டத்துல லீக்கிலேயே முதல். அன்னிக்கு ரன்னிங்பேக்குகளுக்குக் கொடுத்தது மொத்தம் 6 ஓட்டம். 17-10ன்னு தோல்வி. தம்பி 32 ஓட்டம் வரிசையா ஓடி ஜெயிச்ச சீசன்ல அண்ணன் ஓட்டத்தை மறந்து தோத்தார்.

நாலாம்டவுன்:
அது உண்மை, அதுக்கு சமாதானம் கிடையாது. பாதியில பின்தங்கியிருந்தது 10 புள்ளிதான், ரெண்டாவது பாதி முழுக்க கையில இருந்தது. ஓடியிருக்கணும்.

ஆனா 2024 நவம்பர் 25 சார்ஜர்ஸ் மேட்ச்ல அதே ஜானைப் பாருங்க. ரெண்டாவது கால், சொந்த 16 யார்டு கோடு, நாலாவது டவுன், ஒரு யார்டு. அங்க தவறினா தம்பிக்கு உடனே புள்ளி. டைட் எண்ட் மார்க் ஆண்ட்ரூஸ் சென்டருக்குப் பின்னாடி வந்து பந்தை வாங்கி முட்டினார், கிடைச்சது. குவார்ட்டர்பேக் காயம்படாம சுமார் 250 பவுண்டு உள்ள ஆள் முட்டுறார், எதிரிக்கு மாத்தி நிக்க நேரமில்லை. 30-23ன்னு அண்ணன் ஜெயிச்சார். 2011 தேங்க்ஸ்கிவிங் 16-6, சூப்பர் பௌல் 34-31, இது மூணாவது. தம்பி இன்னும் அண்ணனை ஜெயிச்சதில்லை.

செவ்வந்தி_லைன்பேக்கர்:
ரோஸ் பௌலையும் (தேசியப் பட்டத்துக்கான அரையிறுதி) விட்டுடாதீங்க, ஸ்பெஷல் டீம்ஸ் குடும்பத்துக்கே ஸ்பெஷல் டீம்ஸ்ல சோதனை வந்த மேட்ச் அது. 2024 ஜனவரி 1, அலபாமா. முதல் கால்ல பண்டைக் கைநழுவ விட்டோம், பந்து அலபாமாவுக்கு. ரெண்டாவது கால்ல எக்ஸ்ட்ரா பாயின்ட் சொதப்பல். 20-20ல ஒரு நிமிஷத்துக்கும் குறைவா இருக்கும்போது பண்ட் ரிட்டர்னர் சொந்த கோல் கோட்டுப் பக்கத்துல மறுபடி நழுவ விட்டு, எப்படியோ விழுந்து எடுத்தார். எடுத்த பிறகு எண்ட் ஜோனுக்குள்ள பின்வாங்கிப் பிடிபட்டிருந்தா சேஃப்டி, மேட்ச் அங்கயே போயிருக்கும். 10 யார்டு கோட்டுக்குள்ள நின்னா பண்டைத் தொடாம விட்டுடணும்கிறது பள்ளிக்கூடப் பாடம். அதை மீறினதுதான் காரணம்.

காப்பாத்தினது டிஃபென்ஸ். ஓவர்டைம்ல கோரம் 17 யார்டு ஓடி முதல்ல அடிச்சார். அலபாமா பதிலுக்கு வந்து நாலாவது டவுன், கோல் கோட்டுக்கு 3 யார்டு. ஸ்னாப் தாழ்வா வந்தது, அலபாமா குவார்ட்டர்பேக் மில்ரோ நடுவுல முட்டினார், அங்க வழியே இல்லை. 27-20. ஓடக்கூடிய குவார்ட்டர்பேக் மேல யாரும் தன் பாதையை விட்டுச் சுத்திப் போகக் கூடாது, அத்தனை பேரும் அவங்கவங்க இடைவெளியில நேரா முன்னேறணும். அன்னிக்கு ராத்திரி முழுக்க அப்படித்தான் பண்ணாங்க, ஆறு சாக். ஒரு வாரம் கழிச்சு வாஷிங்டனை 34-13.

மஞ்சள்நீலம்:
பண்ட்_காவலன் அண்ணே, சூப்பர் பௌல் சேஃப்டிக்கு முன்னாடி நடந்ததையும் எழுதிடுங்க. ஜிம் பக்கத்துக் கடைசி நாலு பிளே. இன்னிக்கும் மனசு ஆறலை.

பண்ட்_காவலன்:
சரி. 49அர்ஸோட ஃபிராங்க் கோர் 33 யார்டு ஓடி 7 யார்டு கோட்டுக்குக் கொண்டுவந்தார். முதல் டவுன், லாமைக்கேல் ஜேம்ஸ் நடுவுல 2 யார்டு. ரெண்டாவது டவுன் ரிசீவர் கிராப்ட்ரீக்குப் பாஸ், கிடைக்கலை. மூணாவது டவுனுக்கு கேப்பர்னிக் தானே ஓடுற பிளே போட்டிருந்தாங்க, வழி திறந்தும் இருந்தது. ஆனா பிளே கிளாக் தீரப்போகுதுன்னு ஜிம் டைம்-அவுட் எடுத்துட்டார். திரும்பி வந்ததும் பாஸ், மறுபடி கிராப்ட்ரீ, கிடைக்கலை. நாலாவதும் அவருக்கே, உயரமா, வெளிப்பக்கமா போச்சு. ரேவன்ஸோட ஜிம்மி ஸ்மித் பிடிச்சு இழுத்தார்னு ஜிம் கத்தினார், கொடி விழலை.

அந்த டைம்-அவுட்டால ரெண்டு நஷ்டம். ஒண்ணு, திறந்திருந்த ஓட்டம் போச்சு. ரெண்டாவது, ரேவன்ஸ் 1:46 மிச்சம் இருக்கும்போது பந்தை வாங்கி மூணு தடவை ஓடி நேரத்தைக் கரைச்சப்போ, நிறுத்த ஜிம் கையில ஒரே ஒரு டைம்-அவுட்தான். இன்னொண்ணு இருந்திருந்தா ஒரு பிளே கிளாக், அதாவது 40 விநாடி காப்பாத்தியிருப்பார். அப்போ 12க்குப் பதிலா சுமார் 50 விநாடி இருந்திருக்கும். அவ்வளவு நேரத்தை வச்சுக்கிட்டு ஜானால சேஃப்டி கொடுத்திருக்கவே முடியாது, பண்ட்தான் அடிச்சிருக்கணும்.

தெற்குமாடம்:
5 யார்டிலிருந்து அந்த கேப்பர்னிக் ஓட்டம் பவர்தான். இழுத்து வரும் கார்டு, சென்டரின் பின்தடுப்பு, எல்லாம் காலிஇடைவெளி மேலே எழுதியபடியே. பழைய ஒளிப்பதிவு கிடைத்தால் டைம்-அவுட் விசில் வரும்வரை கார்டின் கால்களை மட்டும் பாருங்கள்.